காய்ச்சல் விட்ட நாள்

வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் அம்மா புறங்கையைத்தான் நெற்றியில் வைப்பாள். மீன் அரிந்தும் கூடை தூக்கியும் உள்ளங்கை மரத்துப்போய்விட்டது, அதற்குச் சூடு சுரணை எதுவும் தெரியாது என்பாள். அன்றைக்கும் தம்பியின் நெற்றியில் புறங்கையை வைத்தாள். பிறகு கழுத்தில் வைத்தாள். நம்பிக்கை வராமல் சட்டையைத் தூக்கி வயிற்றிலும் வைத்துப் பார்த்துவிட்டு, "விட்டுடுச்சு" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னாளாம். நான் அங்கே இல்லை. கல்யாணமாகி ரெட்டியார்பாளையத்துக்கு வந்து வருடங்கள் ஆகிவிட்டன. போனில் அவள் அதைச் சொன்ன விதத்தில் இத்தனையும் எனக்குக் கண்ணால் பார்த்த மாதிரி தெரிந்தது. ஒரு வாரமாகத் தொண்டையில் நின்ற சோறு அன்று மத்தியானம்தான் எனக்கு ஒழுங்காக இறங்கியது. சந்தோஷப்பட்டேன். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது, எல்லோரும்தான் சந்தோஷப்பட்டோம்.

தம்பி எனக்கு ரொம்பவும் இளையவன். நான் பள்ளிக்கூடத்தை முடித்தபோது அவன் சிலேட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனான். ஐ.டி.ஐ. படித்தான். தட்டாஞ்சாவடியில் நான் வேலை பார்க்கும் தொழிற்பேட்டையிலேயே ஒரு கம்பெனியில் கையைக் காலைப் பிடித்து அவனுக்கு ஒரு வேலை வாங்கிக் கொடுத்தேன். ஒரு சம்பளத்தோடு ஓடி வந்துவிட்டான். தகரக் கூரைக்குக் கீழே நின்றால் மூச்சு முட்டுகிறதாம். அப்பாவோடு படகில் ஏறியவன் பிறகு இறங்கவே இல்லை. அன்றிலிருந்து என்னைக் 'கம்பெனி மேடம்' என்றுதான் கூப்பிடுவான். தலைமுடியை ஏதோ நடிகன் மாதிரி நெற்றியில் விழவிட்டுக்கொண்டு சாயங்காலங்களில் கடற்கரைச் சாலையில் சுற்றுவான். எதிரே வெள்ளைக்காரர்கள் யாராவது வந்தால் 'போன்ழூர்' என்பான். அவர்கள் பூரித்துப்போய்ப் பிரெஞ்சில் ஏதாவது பேச ஆரம்பித்தால், சிரித்துக்கொண்டே நடையைக் கட்டிவிடுவான். அவனுடைய பிரெஞ்சு அந்த ஒரு சொல்லோடு முடிந்தது.

எங்கள் வீடு முத்தியால்பேட்டைக்குக் கிழக்கே, கடலை ஒட்டிய குப்பத்தில் இருக்கிறது. அப்பாவும் பங்காளிகளும் சேர்ந்து ஒரு விசைப்படகு வைத்திருந்தார்கள். அது தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் நிற்கும். கோடையில் இரண்டு மாதம் தடைக்காலம். மீன் குஞ்சு பொரிக்கும் காலம் என்று அரசாங்கம் விசைப்படகுகளைக் கடலுக்கு விடாது. அந்த இரண்டு மாதமும் வலை பின்னி, படகுக்குப் பெயின்ட் அடித்து, எஞ்சினைப் பிரித்து மாட்டிக்கொண்டிருப்பார்கள். தடை முடிந்து போகும் முதல் நாள் எங்களுக்கு ஒரு பண்டிகை. அன்று முதல் வலையைத் தண்ணீரில் விடுவது யார் என்பது ஒவ்வொரு படகிலும் பெரிய விஷயம். தம்பி பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே ஒரு வருடம் விளையாட்டாக வலையில் கை வைத்தான். அந்த வலை நிறைந்து வந்தது. அதற்குப் பிறகு எங்கள் படகில் முதல் வலை அவன் கையால்தான். கைராசிக்காரன் என்று பெயர் எடுத்துவிட்டான். எனக்கு இதில் நம்பிக்கை உண்டா என்று கேட்டால் உண்டு என்றுதான் சொல்வேன். இரண்டு மாதம் சும்மா கிடந்துவிட்டுக் கடலுக்குப் போகிறவர்களுக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும்.

தடை முடிய ஒரு வாரம் இருக்கும்போது அவனுக்குக் காய்ச்சல் வந்தது. அதற்குச் சற்று முன்னால் ஒரு கோடை மழை பெய்திருந்தது. காலிப் பெயின்ட் டின், பழைய டயர், கவிழ்க்காமல் விட்ட ஐஸ் பெட்டி என்று கரை முழுக்கத் தண்ணீர் தேங்கி நின்றது. அம்மா அதை வெயில் காய்ச்சல் என்றாள். நிலவேம்புக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். இரண்டாம் நாள் அவன் எனக்குப் போன் செய்து, "கண்ணுக்குப் பின்னாடி யாரோ உக்காந்து இடிக்கிற மாரி இருக்குக்கா" என்றான். அவன் குரலில் கிண்டல் இல்லை. நான் லீவு போட்டுவிட்டு ஓடினேன். ஸ்கூட்டரில் உட்கார வைத்துக்கொண்டு போனபோது அவன் என் முதுகில் தலையைச் சாய்த்திருந்தான். புடவை வழியாக அந்தச் சூடு எனக்குத் தெரிந்தது.

முத்தியால்பேட்டையில் எங்களுக்கு வழக்கமாகப் பார்க்கும் டாக்டரம்மா இருக்கிறார். அதட்டிப் பேசுவார், ஆனால் நின்று பதில் சொல்வார். இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு டெங்கு என்றார். பக்கத்தில் இருந்த அம்மா, அதற்கு நல்ல மருந்தாக எழுதச் சொன்னாள். இந்தக் கிருமிக்கென்று மருந்து கிடையாது, உடம்பேதான் அதை விரட்ட வேண்டும், நாம் தண்ணீரும் கஞ்சியும் இளநீரும் கொடுத்துக்கொண்டு பக்கத்தில் இருக்கத்தான் முடியும் என்றார் டாக்டரம்மா. காய்ச்சல் மாத்திரை மட்டும் எழுதினார். வலிக்கு என்று கடையில் வேறு எதையும் வாங்கிப் போடக்கூடாது, தினமும் வந்து இரத்தம் கொடுக்க வேண்டும் என்றார். அம்மாவுக்கு முகம் விழுந்துவிட்டது. இத்தனை பெரிய படிப்புப் படித்தவர், எழுதுவதற்கு மருந்து இல்லை என்று சொல்வது அவளுக்குக் கிட்டத்தட்ட அவமானமாக இருந்தது.

கிளம்பும்போது டாக்டரம்மா சொன்னதுதான் முக்கியம். "காய்ச்சல் விட்டதும் அப்பாடான்னு இருந்துடாதீங்க. விட்ட பொறவுதான் ஒண்ணு ரெண்டு நாள் ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும். வயித்து வலி, வாந்தி, கை கால் சில்லுன்னு ஆவுறது, இதுல எது வந்தாலும் ஒடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடணும்."

அம்மா வேகமாகத் தலையாட்டினாள். முகம் தெளிந்துவிட்டது. ஏனென்றால் இதை அவள் வாழ்நாள் முழுவதும் எல்லோருக்கும் சொல்லி வந்திருக்கிறாள். காய்ச்சல் விட்ட உடம்பு பச்சை உடம்பு, எண்ணெய் கூடாது, மீன் கூடாது, எதிர்காற்றில் நிற்கக்கூடாது. டாக்டரம்மா பத்தியத்தைத்தான் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டாள். திரும்பி வரும் வழியெல்லாம், "விவரமான பொம்பள" என்று பாராட்டிக்கொண்டு வந்தாள். நான் தனியாகத் திரும்பப் போய் ஏன் என்று கேட்டேன். சிலருக்குக் காய்ச்சல் இறங்கும் நேரத்தில் இரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து வெளியே போய்விடும், பார்ப்பதற்கு ஆள் தெளிவாக இருப்பான், உள்ளே வற்றிக்கொண்டிருக்கும் என்றார். வந்து அதை அப்படியே அம்மாவிடம் சொன்னேன். அதனால்தான் ரசம் சோறு நிறைய கொடுக்க வேண்டும் என்றாள் அவள்.

அந்த வாரம் முழுவதும் தினமும் ஊசி குத்திக்கொண்டான். இரத்தத்தில் தட்டணு எண்ணிக்கை தினமும் இறங்கியது. பப்பாளி இலைச் சாறு கொண்டுவராத வீடு குப்பத்தில் இல்லை. தம்பி எல்லாவற்றையும் குடித்துவிட்டு, இனிமேல் தன்னை ஆட்டுக்குட்டி கூட மோந்து பார்க்கும் என்றான். அப்பா துறைமுகத்துக்கும் வீட்டுக்கும் அலைந்தார். அவன் படுத்திருக்கும் அறைக்குள் வரமாட்டார். வாசலில் நின்று, "எப்டி இருக்கு?" என்பார். "இருக்கு" என்பான் இவன். அவ்வளவுதான் பேச்சு. இவனை இந்த வருடம் படகில் ஏற்ற வேண்டாம் என்று அப்பாதான் பங்காளிகளிடம் முதலில் சொன்னார் என்பதையும் நான் இங்கே சொல்லிவிட வேண்டும். அவர்களும் சரி என்றுதான் சொன்னார்கள். யாரும் அவனைக் கட்டி இழுத்துக்கொண்டு போகவில்லை.

தடை முடிவதற்கு முந்தின நாள் காய்ச்சல் விட்டது. அம்மா தலைக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டாள். எங்கள் பக்கத்தில் தலைக்கு ஊற்றியாகிவிட்டது என்றால் நோய் முடிந்தது என்று பொருள், அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசமாட்டார்கள். சாயங்காலம் மறக்காமல் இரத்தம் கொடுத்துவிட்டு வா என்று நான் போனில் சொன்னேன். "போறேன் மேடம்" என்றான். பழைய குரல் வந்துவிட்டது. அந்தக் குரலைக் கேட்டபிறகு யாருக்குத்தான் சந்தேகம் வரும்? ஆனால் அவன் இரத்தம் கொடுக்கப் போகவில்லை. துறைமுகத்துக்குப் போய்ப் படகில் ஐஸ் ஏற்றினான்.

மறுநாள் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது வீட்டுக்குப் போன் செய்தேன். அம்மா உற்சாகமாக இருந்தாள். விடியும்போதே எல்லாப் படகும் போய்விட்டதாகச் சொன்னாள். தம்பி எங்கே என்றேன். "அவந்தான மொத வலை வுடணும். காய்ச்சல்தான் வுட்டுடுச்சேன்னு ஒங்கப்பாவும் சரின்னுட்டாரு" என்றாள். "நீ ஒண்ணும் கவலப்படாத. ரசஞ் சோறு தனியா கட்டிக் குடுத்துட்டேன். படகுல மீன் கொழம்பு வெச்சா தொடக்கூடாதுன்னு சொல்லித்தான் அனுப்பியிருக்கேன்."

எனக்கு அவள் மேல் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், கோபம் வந்தால் கையில் ஏதோ இருக்கிற மாதிரி இருக்கும். டாக்டர் சொன்னதை மீறிவிட்டோம் என்று அவள் நினைக்கவே இல்லை. சொன்னதை எழுத்துக்கு எழுத்து செய்த நிம்மதியில் பேசினாள். தம்பியின் போனுக்குப் போட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்று வந்தது. நான் கம்பெனிக்குப் போகாமல் டாக்டரம்மாவிடம் போனேன். அவர் வேறொரு குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொன்னதைக் கேட்டு அவர் கை நின்றது. அதட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அதட்டவில்லை. எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் அவனைக் கரைக்குக் கொண்டுவரச் சொன்னார். அந்த மெதுவான குரல்தான் என்னைப் பயமுறுத்தியது.

துறைமுகத்தில் அன்றைக்கு மாலையும் சந்தனமும் பட்டாசுக் காகிதமுமாகக் கிடந்தது. ஒரு படகு கூட இல்லை. மீனவர் சங்கத்து அறையில் வயர்லெஸ் இருக்கிறது, அதில் எங்களுக்கு மாமன் முறையாகிற ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவர் எங்கள் படகின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். பதில் வரவில்லை. வரவும் முடியாது. இரண்டு மாதம் வாய் மூடிக் கிடந்த அத்தனை படகும் அன்றைக்கு ஒரே அலைவரிசையில் பேசிக்கொண்டிருந்தது. எவனோ சங்கரா மீன் அள்ளிக்கொண்டு வருகிறது என்று கத்தினான். எவனோ பாட்டுப் பாடினான். ஒருவரை ஒருவர் கேலி செய்தார்கள். படகின் பெயரோடு என் தம்பியின் பெயரையும் மாமா திரும்பத் திரும்பச் சொன்னார், அது அந்தச் சிரிப்புக்கு நடுவில் எங்கோ போய் மறைந்தது. நான் கண்ணெதிரே இருந்த கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவன் அதற்குள்தான் எங்கோ இருந்தான். ஓடிப் போகிற தூரம் என்றால் ஓடியிருப்பேன்.

வெயில் ஏறிய பிறகு வேறொரு படகுக்காரர் கேட்டு, எங்கள் படகுக்குச் சொல்லிவிட்டார். அப்பா லைனில் வந்தார். நான் டாக்டரம்மா சொன்னதையெல்லாம் கொட்டினேன். எவ்வளவு அவருக்குக் கேட்டது என்று தெரியாது. "அவன் நல்லாத்தாம்மா இருக்கான். வலை தண்ணியில கெடக்கு. தூக்கிட்டு வந்துடறோம்" என்றார். பிறகு தம்பியே வாங்கிப் பேசினான்.

"காய்ச்சலே இல்லக்கா. நீ எதுக்குத் தொறமுகத்துல வந்து நிக்கிற? கம்பெனில சம்பளத்தப் புடிக்கப் போறான், போ."

அதற்குப் பிறகு படகில் நடந்ததைப் பங்காளிகள்தான் துண்டு துண்டாகச் சொன்னார்கள். அப்பா சொல்லவில்லை. வலையைத் தூக்கும்போதே தம்பி வயிறு வலிக்கிறது என்றிருக்கிறான். பிறகு வாந்தி எடுத்தான். இரண்டு மாதம் கரையில் இருந்துவிட்டு ஏறினால் பழகிய ஆளுக்கே முதல் நாள் குமட்டும், அன்று படகில் இன்னொருவரும் வாந்தி எடுத்திருந்தார். அதனால் யாரும் பெரிதாக நினைக்கவில்லை. கேலி கூடச் செய்தார்கள், அவனும் சிரித்தான். எஞ்சின் அறைக்குப் பின்னால் நிழலில் போய்ப் படுத்தான். வெறும் குமட்டல்தானே என்று இரண்டாவது வலையையும் விட்ட பிறகு அப்பா போய் அவனைப் பார்த்துவிட்டு வந்தார். மறுபடி போய்ப் பார்த்தார். திரும்பி வந்ததும் யாரிடமும் ஒன்றும் கேட்காமல் கத்தியை எடுத்து வலையின் இழுகயிற்றை வெட்டிவிட்டுப் படகைத் திருப்பச் சொன்னார். கரைக்கு வர அதன்பிறகு வெகுநேரம் ஆனது. முழு வேகத்தில் வந்தாலும் கடலில் தூரம் குறைவது கண்ணுக்குத் தெரியாது.

துறைமுகத்தில் ஆம்புலன்ஸ் தயாராக நின்றது. தம்பியைத் தூக்கி இறக்கினார்கள். உதடு வெளுத்திருந்தது, ஆனால் கண் தெளிவாக இருந்தது. இந்த நோயின் கொடுமை அது. காய்ச்சலில் அவன் உளறிய நாட்களில் அவன் பிழைத்துக்கொள்ளும் நிலையில் இருந்தான். எல்லாம் கைமீறிக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டுக்காரரோடு பேசுகிற மாதிரி பேசினான். ஆஸ்பத்திரியில் அவன் இரண்டு கையிலும் தண்ணீர் ஏற்றினார்கள். டாக்டர்கள் மாறி மாறி வந்தார்கள், நாடி பிடித்தார்கள், இரத்த அழுத்தம் பார்க்கிற பட்டையை விடாமல் கட்டினார்கள். யாரும் குறை வைக்கவில்லை. ஏற்றுகிற நீர் குழாயில் தங்காமல் நெஞ்சிலும் வயிற்றிலும் கசிந்துகொண்டே இருந்தது. அதை நிறுத்த அவர்களிடமும் மருந்து இல்லை. தாங்கிப் பிடித்துக்கொண்டு காத்திருக்கத்தான் முடியும், அவர்களும் காத்திருந்தார்கள்.

என்னை மட்டும் உள்ளே விட்டார்கள். தம்பி சுற்றிலும் பார்த்தான். "காய்ச்சல்தான் இல்லையே, எதுக்குக்கா இவ்ளோ பேர் நிக்கிறாங்க?" என்றான். பிறகு, "மொத வலை நல்லா வந்துச்சு" என்றான். நான் அவன் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கினேன்.

மறுநாள் பொழுது விடிந்த பிறகு அவன் போனான்.

சாவுக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். காய்ச்சல்தான் விட்டுவிட்டதே, பிறகு எப்படி? அம்மா ஒவ்வொருவரிடமும், தான் எண்ணெய் போடவில்லை, மீன் கொடுக்கவில்லை, ரசம் சோறுதான் கொடுத்தேன் என்று முதலிலிருந்து சொன்னாள். அந்த ரசம் சோற்றுத் தூக்கைப் படகிலிருந்து யாரோ கொண்டுவந்து வைத்திருந்தார்கள். திறக்கவே இல்லை. அப்பா அந்தக் கூட்டத்தில் உட்காரவில்லை. ஆஸ்பத்திரி டாக்டரிடம் மட்டும் அவர் ஒரு தடவை வாயைத் திறந்திருந்தார். பொண்ணு சொன்னப்பவே மொத வலைய வெட்டிட்டுத் திரும்பியிருந்தா பொழச்சிருப்பானா என்று கேட்டார். அந்தச் சின்ன வயது டாக்டர், "தெரியலிங்கய்யா" என்றார். ஆமாம் என்றிருந்தால் அப்பா அன்றே செத்திருப்பார். இல்லை என்றிருந்தால் நம்பியிருக்கமாட்டார். தெரியவில்லை என்பதை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் எப்படி இத்தனை வருடம் இருக்கிறார் என்பதைத்தான் நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் படகில் இப்போது முதல் வலையை யார் விடுகிறார்கள் என்று நான் கேட்டதில்லை. அப்பா கடலுக்குப் போகிறார், வருகிறார். சென்ற மாதம் என் மகனுக்குக் காய்ச்சல் வந்தது. நான் ஒரு மணி நேரம் கூடத் தாமதிக்கவில்லை, டாக்டரம்மாவிடம் ஓடினேன். டெங்கு இல்லை, சாதாரணச் சளிக் காய்ச்சல் என்று பரிசோதனையில் வந்தது. இருந்தாலும் அப்பாவிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வந்து பார்ப்பார் என்று நினைத்தேன்.

"காய்ச்சல் இருக்கும்போது என்னக் கூப்புடாதம்மா" என்றார். "வுட்டதும் கூப்புடு."

இரண்டு நாளில் விட்டது. கூப்பிட்டேன். அவர் துறைமுகத்தில் இருந்தார், படகு கிளம்பிக்கொண்டிருந்தது. அதை அனுப்பிவிட்டு, கால்சட்டையும் கடல் வாடையுமாக டவுன் பஸ்ஸில் ஏறி ரெட்டியார்பாளையத்துக்கு வந்து சேர்ந்தார். பையன் கட்டிலில் குதித்துக்கொண்டிருந்தான். அப்பா அவனை உட்கார வைத்து, அவனுடைய இரண்டு பாதங்களையும் தூக்கித் தன் மடியில் வைத்துக் கைகளால் மூடிக்கொண்டார். "வுடு தாத்தா, கூசுது" என்று பையன் நெளிந்தான். அவர் விடவில்லை. இது அந்தக் காய்ச்சல் இல்லைப்பா, பரிசோதனை பார்த்தாகிவிட்டது என்று நான் சொன்னேன். "செரிம்மா" என்றார். கையை எடுக்கவில்லை. மத்தியானம் முழுவதும் அப்படியே இருந்தார். பையன் விளையாடி அலுத்து, அந்த மடியிலேயே காலை நீட்டியபடி தூங்கிவிட்டான்.

அப்போதுதான் அப்பா சொன்னார். என்னைப் பார்க்காமல் பையனின் பாதங்களைப் பார்த்தபடி சொன்னார்.

"வலை தூக்கறப்பவே நான் தொட்டுப் பாத்தேன்மா. கை சில்லுன்னுதான் இருந்துச்சு. தண்ணியில வேல செஞ்ச கைதானன்னு வுட்டுட்டேன்."

நான் எழுந்தேன். உள்ளே போய்க் காபி போட்டுக் கொண்டுவந்து நீட்டினேன். அப்பா டம்ளரைப் பார்த்தார். வாங்குவதற்கு ஒரு கையையாவது எடுக்க வேண்டுமே.

"அங்க வெச்சுடும்மா" என்றார்.